பேனாவுக்கு ஒரு ஜீர்ணோத்தாரணம்

பிஸ்கோத்து டின் ஒன்றில், துருப்பிடித்த குண்டூசிகளுக்கும் செல்லாக் காசுகளுக்கும் நடுவே, பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தப் பேனாவை நான் கையில் எடுத்தபோது, அதன் மூடி மங்கிக் கிடந்தது. உடலெல்லாம் பிசுக்கு ஏறியிருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் நிப் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. வாழை மொட்டைப் போலக் கூம்பி நின்ற கறுப்புக் கூட்டின் நுனியில், காய்ந்த மை ஒரு கடுகளவுக்குக் கட்டிக்கொண்டிருந்தது. என் பெரியப்பா தாலூகாக் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்தவர். பினாங்கில் வியாபாரம் செய்து வந்த அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர், ஊருக்கு வந்த சமயத்தில் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன பேனா அது. பெரியப்பா காலமான பிறகு அதைத் திறந்தவர்கள் யாரும் இல்லை.

பழைய பேனா ஒன்று அகப்பட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு எழும் முதல் ஆசை, அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, மையை நிரப்பி, ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். அந்த ஆசையை ஒரு வார காலம் அடக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குத்தான் பழைய பேனாவைத் தொடும் யோக்கியதை உண்டு என்பது, நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம்.

அந்த நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் உபயோகித்த லீவர் பேனா ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் உடலில், செய்த கம்பெனியின் பெயர் இரண்டு வரிகளில் மெல்லிய எழுத்தாகப் பதிந்திருந்தது. அதற்கு எதிர்ப்புறத்தில், ஊசியால் கீறியதுபோல என் தகப்பனாரின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. பல வருஷங்களுக்கு முன், மை கசிகிறது என்று அதை ஒரு பேனா ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்த பேனா கசியவில்லை, கண்ணாடிபோலப் பளபளத்தது, நன்றாக எழுதவும் செய்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் இரண்டு பெயர்களும் மறைந்து போயிருந்தது தெரிந்தது. சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றியவர், மங்கலோடு சேர்த்து எழுத்தையும் தேய்த்துவிட்டார். இன்று அந்தப் பேனா எந்தத் தேசத்தில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கேட்டால் என்னால் நிச்சயமாகப் பதில் சொல்ல முடியாது. யாருடையது என்பதற்கும் என் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

புராதனக் கோயில்களின் திருப்பணியை நம் முன்னோர் ஜீர்ணோத்தாரணம் என்ற அழகான சொல்லால் குறித்தார்கள். சிதிலமானதைத் தூக்கி நிறுத்துவது என்பது அதன் பொருள். அந்தப் புண்ணிய காரியத்தைச் செய்கிற அவசரத்தில் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பைப் பூசிவிட்டாலோ, சுவரோடு சேர்த்து எழுத்தையும் சுரண்டிவிட்டாலோ, கோயில் புதிதாகிறது. கோயிலின் ஞாபகம் அழிந்துவிடுகிறது. பேனா சிறிய வஸ்து. ஆனால் நியாயம் ஒன்றுதான்.

காற்றும் மையும்

ஒரு பேனாவை இனம் காண்பதற்கு, அது எப்படி மை குடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் ஊற்றுப் பேனாவின் சரித்திரம் முழுவதுமே, மையை எங்கே வைப்பது, எப்படி வெளியே விடுவது என்ற இரண்டு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளின் வரிசைதான்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திணறித் திணறி விழுகிறது. எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டதும் சீராக ஒழுகுகிறது. உள்ளே காற்று போனாலொழிய எண்ணெய் வெளியே வராது. பேனாவின் கஷ்டமும் இதுவேதான்: காற்று போகாவிட்டால் மை இறங்காது; தாராளமாகப் போய்விட்டால் காகிதத்தில் குளம் கட்டிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மன் என்பவர் 1884-இல் உரிமைப் பட்டயம் பெற்ற பேனாவில், நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மயிரிழை போன்ற கால்வாய்களை வெட்டி, மை இறங்குகிற வழியாகவே காற்றும் ஏறும்படி செய்தார். இன்று நாம் எழுதும் எந்த மைப் பேனாவின் நிப்பைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தக் கட்டையைக் காணலாம்.

மையை வெளியே விடும் வழி தெரிந்த பிறகு, உள்ளே நிரப்பும் வழியில் போட்டி எழுந்தது. ஆரம்பத்தில் கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக் குழாயால் உடலுக்குள் நேராக மை விடுவதே வழக்கம். நம் தேசத்துப் பேனாக்களில் இந்த முறை மற்ற நாடுகளைவிட வெகு காலம் நீடித்தது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்துப் போர்ட் மேடிசன் என்னும் ஊரில் நகைக் கடை வைத்திருந்த வால்ட்டர் ஷீஃபர், உடலின் பக்கவாட்டில் சிறு நெம்புகோலை வைத்து, உள்ளேயிருக்கும் ரப்பர் பையை அமுக்கி விட்டால் அது தானே மையை உறிஞ்சிக்கொள்ளும் என்ற யுக்திக்கு 1908-இல் பட்டயம் பெற்றார். ஜெர்மனியில் பெலிக்கான் கம்பெனி 1929-இல், வால்பகுதியைத் திருகினால் உள்ளே தக்கை மேலும் கீழும் நகரும் பிஸ்டன் பேனாவை வெளியிட்டது. விஸ்கான்சின் மாகாணத்து ஜேன்ஸ்வில் நகரத்துப் பார்க்கர் கம்பெனி 1933-இல் கொண்டுவந்த வாக்குமாட்டிக் பேனாவில், வாலில் ஒளிந்திருக்கும் பித்தானை அழுத்த அழுத்த, ஒரு ரப்பர்ச் சவ்வு உள்ளே விரிந்து சுருங்கி உடல் முழுவதையும் மையால் நிரப்பிற்று. ஆகவே, மை நிரப்பும் முறையைப் பார்த்த மாத்திரத்திலேயே பேனாவின் காலம் ஏறக்குறைய நம் கைக்கு எட்டிவிடுகிறது.

பேனா கொடுக்கும் வாக்குமூலம்

பெரியப்பாவின் பேனாவைச் சோதிக்க உட்கார்ந்த இரவில், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றையும், ஒரு மேஜை விளக்கையும், மெல்லிய பருத்தித் துணியையும் தவிர வேறு எதையும் நான் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்கூட இல்லை. விசாரணை முடியும்வரையில் வைத்தியம் கிடையாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை.

நிப்பை முக்காடிட்டு மூடிய அந்தக் கூடு முதல் சாட்சி. பார்க்கர் 51 என்ற பேனாவின் அடையாளம் அது. 1888-இல் தொழிலைத் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 51-வது ஆண்டாகிய 1939-இல் இந்தப் பேனா உருவாகி முடிந்தபடியால், அந்த எண்ணையே பெயராக வைத்து 1941-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எழுதியவுடன் காயும் கடுமையான மை ஒன்றையும் அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த மைக்குப் பழைய செல்லுலாய்டு ஈடுகொடுக்காது என்பதனால் லூசைட் என்ற அக்ரிலிக் வஸ்துவால் உடலைச் செய்தார்கள். அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடாமலிருக்க நிப்பைக் கூட்டுக்குள் ஒளித்தார்கள். இவ்வாறு ஒரு மையின் சுபாவத்திலிருந்தே அந்தப் பேனாவின் ரூபம் பிறந்தது.

ஆனால் முக்காடு மாத்திரம் போதாது. அதே ஜாடையில் ஷாங்காயில் செய்யப்பட்ட ஹீரோ பேனாக்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் பரீட்சை மண்டபங்களிலும் எவ்வளவு பிரசித்தம் என்பதை நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் அறிவார்கள். உழைப்புக்கு அஞ்சாத நல்ல பேனா அது; எனினும் அது வேறு, இது வேறு. ஆகவே உடலின் மேல் வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து, பேனாவை மெல்ல உருட்டினேன். நேராகப் பார்த்தால் தெரியாத பொறிப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் பெற்று எழுந்தது. கம்பெனியின் பெயர், 51 என்ற எண், அமெரிக்காவில் செய்தது என்ற வாசகம், அதன் முடிவில் 9 என்ற ஓர் இலக்கம், அந்த இலக்கத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் காலத்துப் பார்க்கர் பேனாக்களில் இலக்கம் வருஷத்தின் கடைசி எண்ணைக் குறிக்கும். புள்ளிகள் காலாண்டைக் குறிக்கும். மூன்று புள்ளிகள் இருந்தால் முதல் காலாண்டு. இரண்டு இருந்தால் இரண்டாவது. ஒன்று இருந்தால் மூன்றாவது. ஒன்றுமே இல்லாவிட்டால் வருஷக் கடைசி. ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் தொழிலாளி அச்சிலிருந்து ஒரு புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டால் போதும். வருஷம் முழுவதற்கும் ஒரே அச்சு உபயோகப்பட்டுவிடும். ஆகவே இந்தப் பேனா ஒன்பதில் முடியும் ஏதோ ஒரு வருஷத்தில், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே பிறந்தது.

எந்த ஒன்பது? உடலைத் திருகிக் கழற்றியபோது, உள்ளே மெல்லிய உலோகக் காப்புக்குள் கண்ணாடி போன்ற ஒரு பையும், அதை அமுக்குவதற்கு வரிவரியான ஒரு பட்டையும் காணப்பட்டன. ஏரோமெட்ரிக் என்று அவர்கள் பெயரிட்ட இந்த முறை 1948-இல்தான் வந்தது. அதற்கு முந்திய 51 பேனாக்களெல்லாம் வாலில் பித்தான் உள்ளவை. ஆகவே 1939 அல்ல, 1949. மூடியிலிருந்த அம்புக் கிளிப்பையும் பார்த்தேன். ஆயுட்கால உத்தரவாதத்துக்கு அடையாளமாகக் கிளிப்பில் நீல வைரம் ஒன்றைப் பதிக்கும் வழக்கத்தை அந்தக் கம்பெனி 1947-ஐ ஒட்டிக் கைவிட்டது; இந்தக் கிளிப்பிலும் வைரம் இல்லை. உடலும், பையும், மூடியும் தனித்தனியே கொடுத்த வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பொருந்தின. இவ்விதம் பொருந்தாத பேனாக்கள் ஏராளம்: ஒன்றின் உடல், இன்னொன்றின் மூடி, மூன்றாவதன் நிப் என்று ஒட்டுப் போட்டவை. அவை எழுதும், ஆனால் தங்கள் வரலாற்றைச் சொல்லமாட்டா.

பொறிப்பு அழிந்துபோன பேனாவாக இருந்தால் அது செய்யப்பட்ட வஸ்துவைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். கறுப்புப் பேனாவைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கந்தக வாசனை வருமானால் அது எபோனைட். ரப்பரோடு ஏராளமான கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது. கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதன் சேர்மானத்தில் கற்பூரம் உண்டு. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைக் கனவிலும் செய்யக்கூடாது. செல்லுலாய்டு பற்றி எரியும்.

எபோனைட் என்றதும் நம் தேசத்தைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரத்தில், காந்தியடிகளின் சுதேசிக் கொள்கையைச் சிரமேற்கொண்டு கே. வி. ரத்தினம் செய்த பேனாவை உபயோகித்துப் பார்த்து, 1935-இல் காந்தியடிகள் தம் கைப்படப் பாராட்டி எழுதினார். நம் திருவள்ளூரில் இன்றும் எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, ஒவ்வொரு பேனாவாகக் கையால் கடைந்தெடுக்கிறார்கள். சொட்டுக் குழாயால் மை நிரப்பும் அந்தப் பேனாக்களில் மக்கிப் போகிற ரப்பர்ப் பை கிடையாது; ஆகவே பாட்டனார் காலத்து எபோனைட் பேனா ஒன்று கிடைத்தால், அநேகமாகக் கழுவித் துடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் அதற்குத் தேவைப்படுவதில்லை.

தண்ணீரும் பொறுமையும்

விசாரணை முடிந்த மறுநாள் காலையில்தான் தண்ணீர் வந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் வைத்து, பேனாவின் முன்பகுதி மாத்திரம் நனையும்படி நிறுத்தினேன். வெந்நீர் வேகமாக வேலை செய்யுமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எபோனைட் பேனாவை வெந்நீரில் போட்டால் கறுப்பு நிறம் போய்ப் பழுப்பேறிவிடும். மற்ற வஸ்துக்களும் சூட்டில் கோணிப்போகக்கூடும். குளிர்ந்த தண்ணீர் யாருக்கும் கெடுதல் செய்யாது.

கால் மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கூட்டின் நுனியிலிருந்து நூலிழை போன்ற ஒரு நீல ரேகை புறப்பட்டு, தண்ணீரில் நேராக இறங்கி, தம்ளரின் அடியில் புகையைப் போலப் படர்ந்தது. பெரியப்பா கடைசியாக நிரப்பிய மை அது. எந்தக் கடிதத்துக்காக நிரப்பினாரோ, அதில் எத்தனை வரிகள் எழுதாமல் நின்றனவோ, பல வருஷங்களாகக் கெட்டிப்பட்டுக் கிடந்த அந்த மிச்சம் என் கண்ணெதிரே கரைந்து இறங்கியபோது, தம்ளரை நகர்த்தி அந்த ரேகையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் தண்ணீரை மாற்றினேன். காலையில் மறுபடி மாற்றினேன். மூன்றாம் நாள் நீலம் வெளுத்தது. அப்போது பட்டையை மெல்ல அமுக்கிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை, பலமுறை அமுக்கி விட்ட பிறகு கரிய துணுக்குகளோடு ஒரு குமிழி வெளிவந்தது. அந்தப் பை இறுகிப் போகாமல் இன்னும் வளைந்து கொடுத்ததுதான் ஆச்சரியம். ரப்பராக இருந்தால் இதற்குள் பிஸ்கோத்துப்போல நொறுங்கியிருக்கும். பிளை-கிளாஸ் என்ற பிளாஸ்டிக்கால் செய்தபடியால், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அது தன் கடமையைச் செய்யத் தயாராக இருந்தது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உறுப்பை மாற்றிவிடக் கூடாது என்பதை அது எனக்கு உணர்த்திற்று.

ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தும் ஓட்டம் சீர்ப்படவில்லை. ஆகவே கூட்டைக் கழற்றுவதென்று தீர்மானித்தேன். அதை அவலரக்கு வைத்து மூட்டியிருப்பார்கள். நகைக்காரர்களும் மரவேலைக்காரர்களும் உபயோகிக்கும் அதே அரக்குதான். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தூரத்தில் பிடித்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே, புறங்கையில் வைத்தால் பொறுக்கக்கூடிய அளவுக்குச் சூடேற்றி, ரப்பர்த் துண்டால் பிடித்து மெதுவாகத் திருகினேன். அசையாவிட்டால் பலத்தைக் கூட்டக்கூடாது. மறுபடி சூடேற்ற வேண்டும். குறடு வைத்துத் திருகி உடைத்த பேனாக்களுக்குக் கணக்கே இல்லை. ஆறாவது முறை சூடேற்றியபோது, காய்ந்த பலாக்கொட்டைத் தோல் விடுவதுபோல அது இசைந்து கொடுத்தது.

உள்ளே இருந்த அமைப்பைக் கண்டபோது, இதைச் செய்தவர்களிடம் எனக்குப் பக்தியே உண்டாயிற்று. சிறிய குழல்போல உருண்ட தங்க நிப். அதைச் சூழ்ந்து, மீனின் செவுளைப் போல மெல்லிய தகடு தகடாக வெட்டப்பட்ட ஓர் உருளை. உடம்புச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, அந்த அதிக மை காகிதத்தில் விழாமல் இந்தத் தகடுகளின் இடுக்கில் தங்கி, எழுத எழுத மீண்டும் நிப்புக்கு இறங்குகிறது. இந்தத் தகடுகளுக்கிடையில்தான் மை பாறையாக உறைந்திருந்தது. மிருதுவான தூரிகையால் ஒவ்வொன்றாகத் துலக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அம்மோனியா கலந்து கழுவுவதும் உண்டு. ஆனால் பித்தளையையும் அலுமினியத்தையும் அது அரிக்கும் என்பதால், வெறும் தண்ணீர் கைவிட்ட இடத்தில் மாத்திரமே அதை நாடவேண்டும். செல்லுலாய்டிலும் அக்ரிலிக்கிலும் ஸ்பிரிட் படவே கூடாது.

உருளையிலிருந்து பைக்குள் நீண்டு போகும் ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. இந்தப் பேனாவில் அது வெள்ளியால் ஆனது. பேனாவை நிமிர்த்தி மையில் தோய்த்துப் பட்டையை அமுக்கினால் பையிலுள்ள காற்று இந்தக் குழாய் வழியே வெளியேறுகிறது. விட்டதும் மை இதன் வழியே ஏறி, உச்சியில் பொங்கிப் பையின் அடியில் விழுகிறது. குழாயின் வாய் மைமட்டத்துக்கு மேலே இருப்பதனால், அடுத்த முறை அமுக்கும்போது விழுந்த மை திரும்பிப் போகாமல் காற்று மாத்திரமே போகிறது. ஒரே முறை அமுக்கிவிட்டுப் பேனா நிரம்பவில்லை என்று குறைகூறுபவர்கள், இந்தக் குழாயின் சாமர்த்தியத்தை அறியாதவர்கள்.

லீவர் பேனாவுக்குரிய சிகிச்சை

பெரும்பாலான வீடுகளில் அகப்படுவது லீவர் பேனாவாகத்தான் இருக்கும். நெம்புகோல் அசையவில்லையென்றால் பலவந்தமாகத் தூக்கக் கூடாது. உள்ளே பை கல்லாய் இறுகித் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்சொன்னபடி மிதமான சூடு காட்டிக் கழுத்தைக் கழற்றி, இறுகிய ரப்பர்த் துணுக்குகளை ஒன்று விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பையை அமுக்கும் எஃகுப் பட்டை துருப்பிடித்து உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய பையின் அளவை அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகக் கணக்கிடுவது அந்தத் தொழிலின் சம்பிரதாயம். பதினாறாம் நம்பர் பை என்றால் பதினாறு பங்கு, அதாவது கால் அங்குல விட்டம். கழுத்தின் முளையில் அவலரக்கைத் தடவிப் பையைப் பொருத்தி, ஓர் இரவு காயவிட்டு, வாசனை சேராத சுத்தமான டால்க் பொடியைப் பையின்மேல் பூசி உள்ளே செலுத்தினால் லீவர் பேனா பிழைத்துக்கொள்ளும். உறுதியாக ஒட்டட்டும் என்று நவீனப் பசை எதையும் உபயோகிப்பது பெரும் பிழை. அரக்கு சூட்டுக்கு இளகும். நமக்குப் பிறகு இதைப் பழுதுபார்க்கப் போகிறவருக்கு வழி விட்டு வைப்பது அது ஒன்றுதான்.

வாக்குமாட்டிக் பேனாவின் சவ்வை மாற்றுவதற்கு அதற்கென்றே செய்த கருவிகள் வேண்டும். அதைத் தேர்ந்தவர்களிடம் ஒப்படைப்பதே உத்தமம்.

எல்லாப் பழைய பேனாக்களுக்கும் பொதுவான பத்தியம் ஒன்று உண்டு. சித்திரக்காரர்கள் உபயோகிக்கும் இந்தியன் இங்க் ஒருபோதும் கூடாது. அதிலுள்ள கரியும் அரக்கும் கால்வாய்களை அடைத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் கூடிய பழைய முறை மை காகிதத்தில் நிலைக்கும். பேனாவுக்குள் படிந்து அரிக்கும். சாதாரண நீல மையே போதும். மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் பேனா நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

எதைத் தொடக்கூடாது

இனி மெருகைப் பற்றி. பெரியப்பாவின் பேனா மூடி, கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல், பட்டுநூல் ஓடியதுபோல மெல்லிய வரிகளோடு செய்யப்பட்ட எஃகு. அந்த மங்கல் அழுக்கல்ல. அதைச் செய்தவரின் கருத்து. அதைப் பளபளக்கத் தேய்த்தால் மூடியின் இயல்பே போய்விடும். தங்க மூடியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். 1/10 12K என்ற முத்திரை, உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு பன்னிரண்டு காரட் தங்கம் என்பதைக் காட்டுகிறது. அந்தத் தங்கம் மேற்பரப்பில் போர்த்திய தகடு மாத்திரமே. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைப் போட்டு வருஷந்தோறும் தேய்த்தால், என்றோ ஒரு நாள் உள்ளேயிருக்கும் பித்தளை எட்டிப் பார்க்கும். ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

காலம் ஒரு பேனாவில் சில காரியங்களைச் செய்கிறது: மையை உறையவைக்கிறது, ரப்பரை இறுக்குகிறது, உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இவற்றை நீக்குவதற்கு நமக்குப் பூரண அதிகாரம் உண்டு. அந்தப் பேனாவைப் பிடித்திருந்த மனிதரும் அதில் சில காரியங்களைச் செய்கிறார்: கட்டைவிரல் படும் இடம் வழவழப்பாகிறது, சட்டைப் பையின் ஓரம் பட்டுக் கிளிப் தேய்கிறது, பெயர் வெட்டப்படுகிறது. இவற்றின்மேல் நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. பழுது எது, தடயம் எது என்று பிரித்தறிவதுதான் இந்தக் கலையின் முழு விவேகமும், மற்றவையெல்லாம் கைப்பழக்கம்.

முனையில் இருந்த கை

எட்டாம் நாள் பேனாவைப் பூட்டினேன். நிப்பின் பிளவு கூட்டின் நுனிக்கு நேராக வரும்படி பார்த்து, அரக்கை வைத்து மூட்டி, ஓர் இரவு விட்டு, மறுநாள் விடியற்காலையில் நீல மை நிரப்பி, வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்தேன். மை வந்தது. ஆனால் நிப் கீறிற்று. காகிதத்தில் முள்ளை இழுப்பதுபோன்ற ஒரு சப்தம்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நிப்பின் இரண்டு கால்களும் ஏற்றத்தாழ்வின்றி ஒரே மட்டத்தில் இருந்தன. பிளவிலும் கோளாறு இல்லை. தங்கம் மையின் அமிலத்துக்குச் சலிக்காது, ஆனால் காகிதத்தில் உராய்ந்தால் தேய்ந்துவிடும் என்பதற்காக, அதன் நுனியில் ருத்தீனியம் முதலான கடின உலோகக் கலவையில் மணியளவு வைத்துப் பற்றவைப்பது வழக்கம். உருண்டையாக இருக்க வேண்டிய அந்த மணி, ஒருபுறம் மாத்திரம் சாய்வாகத் தேய்ந்து, மிகச் சிறிய ஒரு தட்டையான பரப்பைக் கொண்டிருந்தது. இரும்பைவிடக் கடினமான வஸ்துவைக் காகிதத்தால் தேய்க்க எத்தனை ஆயிரம் பக்கங்கள் எழுதியிருக்க வேண்டும்!

மிக நுண்ணிய உப்புத்தாள் என்னிடம் இருந்தது. அதில் நாலைந்து சுழற்சி சுழற்றினால் அந்தப் பரப்பின் ஓரம் மழுங்கிவிடும். பேனா எந்தக் கைக்கும் இணங்கிவிடும். உப்புத்தாளை எடுத்தவன், தகப்பனாரின் பேனாவை நினைத்து அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டே, பேனாவை விரல்களுக்கிடையில் சிறிது சிறிதாகச் சுழற்றினேன். வெளிப்புறம் திருப்பியபோது கீறல் அதிகமாயிற்று. உட்புறமாக, என் பழக்கத்துக்கு முற்றிலும் மாறான ஒரு கோணத்துக்குத் திருப்பியபோது, சப்தம் திடீரென்று நின்றது. பேனா எண்ணெயில் நழுவுவதுபோல ஓடிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு பரப்பு, தான் தேய்ந்த அதே கோணத்தில் காகிதத்தைத் தொட்டுவிட்டது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. பெரியப்பா மேஜையில் எழுதுகிறவர் அல்ல. கச்சேரியிலிருந்து வந்ததும் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாய்வான எழுத்துப் பெட்டியை மடியோடு அணைத்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டை உள்ளே மடக்கித்தான் எழுதுவார். அவருடைய புகைப்படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் கைகள் தெரியா. அவர் கை எப்படி இருந்தது என்பதை இந்தப் பேனாவின் முனை மாத்திரம் மறக்காமல் வைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை அந்தப் பேனாவால்தான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முதல் இரண்டு சொற்கள் கீறுகின்றன, உடனே என் மணிக்கட்டு தானாகவே சற்று உள்ளே மடங்குகிறது, பிறகு சப்தமில்லை.